ஸ்டவ் வெளிச்சத்தில் பார்த்த கால்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அதில் மூன்று பேர் இன்ஜினியர். நான் கண்ணால் பார்த்து இரண்டு நூல் கோணல் என்றால், அவர்கள் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு இரண்டு நூல் கோணல் என்பார்கள். இதை எழுதுகிறேன் என்றதும் என் மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்துப்பிழையைப் பார், ஆளைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

எழுதப்போவது என்னைப் பற்றி இல்லை. என்னைப் பற்றி எழுதத் தனிப் புத்தகமே வேண்டும். இது எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டாவது லிஃப்ட் ஓட்டுகிற மனிதரைப் பற்றி. முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். எத்தனையாவது மாடி என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஏறுகிறவர்கள் அவர் தலைக்கு மேல் எரியும் நம்பரைத்தான் பார்ப்பார்கள், அவரைப் பார்க்க மாட்டார்கள். அவர் பட்டாளத்தில் எங்களுக்கு ரேடியோ ஆள். பெயர் காது.

பட்டாளத்தில் அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தோடு சரி. அவருக்குக் காது என்று பெயர் வந்தது காரணத்தோடுதான். சேருவதற்கு முன் கடிகாரக் கடையில் வேலை பார்த்தவர். நின்றுபோன கடிகாரத்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே எந்தப் பல் உடைந்தது என்று சொல்வாராம். எனக்கு வைத்த பெயர் வாய். அதற்கும் காரணம் இருந்தது, மறைக்கவில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே ஜோடியாகப் போட்டது எங்கள் போஸ்ட் தலைவர். அவரைப் பெரியவர் என்போம், நேரில் ஐயா.

"ஒருத்தன் பேசிக்கிட்டே இருப்பான், ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருப்பான். சண்டை வராது" என்றார் பெரியவர்.

எங்கள் போஸ்ட் ஒரு மலை முதுகில் இருந்தது. எட்டுப் பேர். கவிழ்த்துப்போட்ட வாளி மாதிரி ஃபைபரில் ஒரு குடிசை, நடுவில் மண்ணெண்ணெய் ஸ்டவ், வாசலுக்குத் தொங்கவிட்ட இரண்டு கம்பளி. எதிர் முதுகில் எதிரி போஸ்ட். அவர்கள் எங்களைச் சுட்டதைவிடக் குளிர் எங்களைச் சுட்டதுதான் அதிகம். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே தங்கிவிடும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் ரம்பத்தால் பனியை அறுத்துக் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து உருக்க வேண்டும். ஒரு வாளி பனி உருகினால் அரை லோட்டா தண்ணீர். ஸ்டவ் புகை மூக்கில் ஏறி, சிந்தினால் சளி கறுப்பாக வரும். காவலுக்கு ஒரு மணி நேரம் வெளியே நின்றுவிட்டு வருகிறவனின் புருவத்தில் பனி கட்டியிருக்கும், அதை உடைத்தெடுக்கக் கூடாது, தானாக உருக விட வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரு தடவை பார்த்தால் போதும், நான் பிடித்துக்கொள்வேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தினமும் சாயங்கால டீக்கு முன்னால் கால் பார்ப்பது. ஜோடியில் ஒருவன் காலை நீட்ட, மற்றவன் அவன் பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு எடுப்பான். அழுத்திய இடம் வெளுத்து, உடனே ரத்தம் ஓடி வந்து சிவந்தால் சரி. வெளுத்தது வெளுத்தபடி நின்றால் விரல் உறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பார்த்தவன் ஒரு தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்காவது கால் உறைந்தால் அது வியாதிக் கணக்கில் வராது, கவனக்குறைவு என்று குற்றக் கணக்கில் வரும். காலை வைத்திருந்தவன், அந்தக் காலைப் பார்த்தவன், இரண்டு பேருக்கும் தண்டனை. கால் பார்ப்பதை வாசலில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. வாசலில் பூட்ஸைக் கழற்ற எவனுக்கும் மனசு வராது. அதனால் எல்லோரும் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டோம். பெரியவரும் கண்டுகொள்ளவில்லை. அவர் கால் பார்க்கப்பட்டதும் அங்கேதான்.

அந்த வருஷம் எனக்குச் சட்டைக் கையில் ஒரு கோடு வர இருந்தது. பெரியவர் எழுதி அனுப்பிவிட்டார். இனிமேல் நான் நாலு பேரை வேலை வாங்குகிறவன். அந்த நினைப்பில் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன்.

மாற்று ஆட்கள் வர இன்னும் பத்து நாள் இருக்கும்போது பெருங்காற்று பிடித்தது. முதல் நாளே ரேடியோவின் ஏரியல் கம்பம் சாய்ந்துவிட்டது. கீழ் முகாமிலிருந்து பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் எங்களுக்குச் சொல்ல அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி. காது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போனார். கயிற்றின் மறுமுனை என் கையில். முழங்கால் பனியில் இரண்டு மணி நேரம் நின்று கம்பத்தைக் கட்டிவிட்டு வந்தார். பூட்ஸுக்குள் மாவு மாதிரி பனி போயிருந்தது.

"காஞ்ச சாக்ஸ் இருக்காண்ணே?"

"இருக்கு."

இருந்தது உண்மை. அவரிடம் இரண்டு ஜோடி காய்ந்த சாக்ஸ் இருந்தது. ரேடியோ பேட்டரிகள் இரண்டும் குளிரில் செத்துப்போகாமல் இருக்க, ஒரு பேட்டரிக்கு ஒரு ஜோடி என்று நாலு சாக்ஸையும் அவற்றுக்கு மாட்டிவிட்டிருந்தார். தன் காலுக்கு நனைந்ததை ஸ்டவ் மேல் அரைகுறையாக உலர்த்தித் திரும்பவும் போட்டுக்கொண்டார். நான் இருக்கு என்ற பதிலைக் கேட்டேன். எங்கே இருக்கு என்று கேட்கவில்லை.

ஐந்து நாள் காற்று நிற்கவில்லை. ஐந்து சாயங்காலமும் நான் ஸ்டவ் ஓரத்தில் அவர் காலைப் பார்த்தேன்.

"கல்லு மாதிரி இருக்கே அண்ணே."

"என் காலு எப்பவும் அப்படித்தான். என் பொண்டாட்டியே சொல்லுவா, ராத்திரி பக்கத்துல படுத்தா ஐஸ் பெட்டி வெச்ச மாதிரி இருக்குதுன்னு."

எல்லோரும் சிரித்தோம். அழுத்தினேன். சிவப்பாக இருந்தது. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து கையெழுத்து. எனக்குப் பார்வை கூர்மை என்று அப்போதே எனக்கு அபிப்பிராயம்.

ஆறாம் நாள் காலை ஏழு மணிக்குக் காற்று பட்டென்று நின்றது. சமையல்காரர் பனிக்கட்டி அறுக்கப் போகிறேன் என்று வாசல் கம்பளி இரண்டையும் தூக்கிச் சுருட்டிக் கட்டினார். குடிசைக்குள் வெயில் வந்து விழுந்தது, ஐந்து நாளைக்குப் பிறகு. காது அப்போது சாக்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். வெயில் அவர் இடது காலில் விழுந்தது.

மெழுகுவர்த்தி நிறம். சுண்டு விரலிலிருந்து மூன்று விரல், அதற்குக் கீழே பாதத்தில் கால்வாசி. நான் போய் அழுத்தினேன். பள்ளம்கூட விழவில்லை. ஒன்றும் ஓடி வரவில்லை. அந்தக் காலைப் பிடித்தபடியே ஸ்டவ் பக்கம் தள்ளினேன், கண்ணுக்கு முன்னால் விரல்கள் சிவப்பாகிவிட்டன. திரும்ப வெயிலுக்கு இழுத்தேன், மெழுகு. ஸ்டவ் வெளிச்சத்தில் பிணத்தின் கால்கூடச் சிவப்பாகத்தான் இருக்கும். ஐந்து நாளும் நான் பார்த்தது அவர் ரத்தத்தை அல்ல, ஸ்டவ்வின் நெருப்பை.

"எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து" என்றார் காது. "கத்தாத. மாத்து ஆளு வர இன்னும் அஞ்சே நாள். அதுவரைக்கும் இந்தப் பொட்டிய யாரு பாக்கிறது?"

"கால் போயிடும்ணே."

"பொட்டி போனா எட்டு பேரும் போயிடுவோம்."

பெரியவர் வந்து பார்த்தார். சமையல்காரரைக் கூப்பிட்டுத் தண்ணீர் சுட வைக்கச் சொன்னார். "டாக்டர்கிட்ட கேளு" என்று காதிடம் சொன்னார்.

இதில்தான் சிக்கல். கீழ் முகாம் டாக்டரிடம் பேச வேண்டியதும் அவர்தான், பதிலைக் கேட்க வேண்டியதும் அவர்தான். பெட்டிக்கு ஒரே ஒரு ஹெட்போன். தன் காலைப் பற்றித் நோயாளி தானே என்பது மாதிரி இல்லாமல், யாருடையதோ மாதிரிச் சொன்னார். "இடது கால். மூணு விரல். நாலு நாள்." பிறகு கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். சமையல்காரர் அகலமான பாத்திரத்தில் சுடுதண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். ஆவி பறந்தது. ஏழு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

காது ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "தண்ணில வைக்கச் சொல்றாரு. இங்கயே இருக்கலாமாம்."

காலைத் தூக்கினார். பாத்திரத்துக்கு மேலே ஒரு சாண்.

எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் ஆள் பேசுகிற அளவு தெரியும். அதில் நான் புலி. அங்கே அவ்வளவு நேரம் பேசிய டாக்டர் இங்கே இவ்வளவுதான் ஆனாரா? பாய்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தேன்.

"விடுடா."

"நாலு நிமிஷம் பேசினாரு அந்த மனுஷன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சுட்டீங்க. மிச்சம் எங்கண்ணே?"

"விடுடாங்கிறேன்."

"ஐயா, இவரு கால யாராவது பிடிங்க."

பெரியவரே பிடித்தார். நான் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். "ஹலோ, வாய் பேசுறேன்."

"யாருய்யா வாய்?" என்றது அந்தப் பக்கம்.

"கால் பார்த்தவன் சார். இப்ப சொன்னத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

டாக்டர் அலுத்துக்கொண்டே சொன்னார். சொல்லச் சொல்ல நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "சுடுதண்ணி காட்டவே கூடாது. உறைஞ்ச காலோட நடக்கலாம். உருகின காலோட ஓரடி வைக்க முடியாது. உருகி மறுபடி உறைஞ்சா முழங்காலுக்குக் கீழ மறந்துட வேண்டியதுதான். ஹெலிகாப்டர் இறங்க அங்க இடமில்ல. இன்னைக்கு மட்டும்தான் வானம் திறந்திருக்கு, மூணு மணிக்கு மேல காத்து திரும்புது. இப்பவே இறக்கி விடுங்க. இங்க வந்து நான் உருக்கிக்கிறேன்."

சமையல்காரர் பாத்திரத்தை மெதுவாக இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார், ஏதோ பாம்பைத் தள்ளி வைப்பதுபோல.

வாழ்நாளில் காதில் விழுந்ததை மாற்றிச் சொன்னவர் இல்லை அவர். எதிர் போஸ்ட்டின் பேச்சு தவறிப்போய் பெட்டியில் விழுந்தால்கூட இருமலோடு சேர்த்துச் சொல்வார். அன்று ஒரு தடவை மாற்றிச் சொன்னார். அதுவும் தன் காலுக்கு எதிராக.

பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பொட்டிய யாரு பாக்கிறது?"

"நான்" என்றேன். அதுவரை நான் அதைத் துடைத்ததுகூட இல்லை. ஆனால் நான் என்று சொன்னால் நான்தான். இன்று வரைக்கும் அப்படித்தான்.

இருபது நிமிஷம் கொடுத்தார் பெரியவர். காது உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். கோபத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தே பேசினார். "குளிர்ல அலை நகந்துபோயிடும். சத்தம் செத்துட்டா பதறி முழுசா திருப்பாத. ஒரு முடி அகலம் திருப்பு. மூச்ச விடு. கேளு. மறுபடி ஒரு முடி. உன் வாய மூடிட்டுக் கேளு, அதான் உனக்குக் கஷ்டம்."

"அது எனக்கு வரும்ணே."

"ஏழு மாசமா வரலையே."

கிளம்புவதற்கு முன் நான் பேட்டரிகளிலிருந்து நாலு சாக்ஸையும் உருவினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "பேட்டரி செத்துடும்டா."

"சாகாது." இரண்டு பேட்டரியையும் சட்டைக்குள் விட்டு வெறும் வயிற்றில் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். தகரம் பட்டதும் உயிர் போய் வந்தது. ஒயரைக் கழுத்து வழியாக வெளியே இழுத்துப் பெட்டியில் மாட்டினேன். கயிறு கட்டின மாடு மாதிரி பெட்டியோடு நான் கட்டுண்டேன். காய்ந்த சாக்ஸை அவர் காலுக்கு நானே மாட்டினேன், இரண்டு காலுக்கும் இரண்டிரண்டு. மாட்டும்போது அந்த மூன்று விரலும் என் உள்ளங்கையில் கூழாங்கல்லாக இருந்தன.

ஒன்பது மணிக்கு இரண்டு பேர் நடுவில் கயிறு கட்டி அவரை இறக்கினார்கள். நல்ல காலோடு நாலு மணி நேர இறக்கம். அவர் காலோடு ஆறு மணி நேரம். மூன்று மணிக்குக் கீழே இருக்க வேண்டும். காற்று திரும்புவதும் மூன்று மணிக்கு.

நான் உட்கார்ந்தேன். மணிக்கொரு தடவை கீழ் முகாம் கூப்பிடும், நான் பதில் சொல்வேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டது ஒன்றுதான்: வந்துட்டாங்களா. இன்னும் கண்ணுக்குத் தெரியலை. ஒன்று, இரண்டு. ஒயர் அசையக் கூடாது என்பதால் நான் எழுந்திருக்கவே இல்லை. சமையல்காரர் டீயை என் வாயில் ஊற்றினார், பிஸ்கட்டை ஊட்டினார். "கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துப் பயந்ததே அப்போதுதான் என்று பிறகு சொன்னார்.

மூன்று மணி. வரவில்லை. வெளியே காவல் நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்து, "பனி பறக்க ஆரம்பிச்சிடுச்சு" என்று பெரியவரிடம் சொன்னான். ஏரியல் கம்பம் உறுமத் தொடங்கியது. மூன்றேமுக்காலுக்கு ஹெட்போனில் இருந்த இரைச்சலும் செத்தது. ஒன்றுமே இல்லை. காதில் பஞ்சடைத்த மாதிரி.

என் கை தானாகப் பெட்டியின் குமிழுக்குப் போனது. முழுசாகத் திருப்பிவிடத் துடித்தது. நான் யார், எதையும் ஒரே உலுக்கில் சரி பண்ணுகிறவன். நிறுத்தினேன். ஒரு முடி. மூச்சு. கேட்டேன். ஒன்றும் இல்லை. ஒரு முடி. மூச்சு. பெரியவர் ஏதோ கேட்டார், வாயில் விரல் வைத்துக் காட்டினேன். தலைவரைப் பார்த்து வாயைப் பொத்து என்று காட்டியவன் அந்தப் படையிலேயே நான் ஒருவன்தான். அவர் பொத்திக்கொண்டார். ஒரு முடி. நாலு மணி கடந்தது. நாலே கால். வயிற்றில் இருந்த தகரம் இப்போது என் உடம்புச் சூடே ஆகிவிட்டிருந்தது, எது நான் எது பேட்டரி என்று தெரியவில்லை. கிழிந்த பையிலிருந்து உப்பு சிந்துகிற மாதிரி ஒரு சின்ன சரசரப்பு. ஒரு முடி. சரசரப்புக்குள் யாரோ இருமினார்கள்.

"வாய்."

குமிழை அங்கேயே விட்டு மெதுவாகக் கையை எடுத்தேன்.

"டேய் வாய். பேட்டரி எங்க வெச்சிருக்க?"

"வயித்துல."

"அங்கயே இருக்கட்டும்" என்றார் காது. "டாக்டர் வர்றாரு, வெக்கிறேன்."

மாற்று ஆள் வரும்வரை ஐந்து நாள் பேட்டரி என் வயிற்றிலேயே இருந்தது. தொப்புளுக்கு மேலே இரண்டு செவ்வகத் தழும்பு இன்றும் இருக்கிறது. பட்டறையில் பையன்கள் யாராவது வேலை கஷ்டம் என்றால் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன்.

பெரியவர் மறுநாள் அந்தக் கால் பார்த்த தாளை என் முன் வைத்தார். ஐந்து 'சரி'. ஐந்து என் கையெழுத்து. "இது மேல போகணும். ஸ்டவ்ல விழுந்து எரிஞ்சுபோச்சுன்னா நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நல்ல மனிதர். அவர் தலையும் அதில் இருந்தது. தாள் இல்லாவிட்டால் குற்றம் முழுக்கக் காதின் மேல் விழும், காலை மறைத்தான் என்று. நான் பென்சிலை எடுத்துக் கீழே எழுதினேன்: ஐந்து நாளும் ஸ்டவ் வெளிச்சத்தில் பார்த்தேன். வாசலில் பார்க்கவில்லை. எழுத்துப்பிழை இருந்திருக்கும். அர்த்தத்தில் பிழை இல்லை.

எனக்கு வர வேண்டிய கோடு வரவில்லை. இருபத்தெட்டு நாள் தண்டனை வந்தது. அவருக்குப் பாதி தண்டனையோடு விட்டார்கள். டாக்டர் பாதத்தைக் காப்பாற்றிவிட்டார். இரண்டு விரல் போனது. மூன்றாவது பிழைத்தது. அதற்குப் பிறகு எல்லாப் போஸ்ட்டிலும் அந்த வாசல் உத்தரவைக் கண்டிப்பாக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். என் தாளைப் படித்துத்தான் கண்டிப்பாக்கினார்கள் என்பது என் எண்ணம். யாரும் சொல்லவில்லை.

பட்டாளம் அவரை இரண்டு வருஷத்தில் அனுப்பிவிட்டது. லிஃப்ட் வேலைக்கு வந்தார். இருபத்தாறு வருஷம். அந்த லிஃப்ட் நடு மாடியில் ஆளோடு நின்றதே இல்லை. கயிறு கிரீஸ் கேட்கிறதா, சக்கரம் தேய்கிறதா என்று சத்தத்திலேயே தெரிந்துகொண்டு ஒரு நாள் முன்னாலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார். மகள் கல்யாணத்தை நடத்தினார், ஒரு வீடு கட்டினார். ஜன்னல் எல்லாம் என் பட்டறையில் செய்தது.

எனக்கு இப்போது சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைகிறது, தினமும் விரல்களைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்குக் குனிய முடியாது, தொப்பை. மாதம் ஒரு தடவை போகும்போது காது லிஃப்டை மூன்றாம் மாடியில் நிறுத்திப் பூட்டுவார். அங்கே கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. முக்காலியைத் தூக்கிவந்து அதன் அடியில் போடுவார்.

"செருப்ப கழட்டு."

"டாக்டர் பார்த்துட்டாருண்ணே. இப்பத்தான்."

"எந்த வெளிச்சத்துல?"

"டியூப் லைட்டுல."

தரையில் உட்காருவார். என் காலைத் தன் மடியில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்புவார். கீழே நாலு பேர் லிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டு, சிவக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு நேரமும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.